தோளுக்குள் சுண்ணாம்பு

உன் கடிதம் வந்தது. நலம் விசாரித்து ஒரு வரி, கடை நன்றாக ஓடுகிறது என்று ஒரு வரி, மீதிப் பக்கம் முழுக்க உன் மனைவியைப் பற்றிய புகார். இரண்டு மாதமாகத் தோள் வலி என்று சொல்லிக்கொண்டு செல்வி வேலைக்கு வணங்குவதில்லை, கரண்டியை இடது கையில் பிடிக்கிறாள், படுத்தால் எழுந்து உட்கார்ந்து அழுகிறாள், விடிந்ததும் நடக்கிறாள், பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள், ஆகவே இதெல்லாம் நடிப்பு என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கார்டில் நாலு வரி பதில் போட்டிருப்பேன். "எங்க அம்மா கல்லுல மாவாட்டிக் கடை நடத்தினவங்க. உனக்கு மிஷின் இருக்கு, சுவிட்ச் போட்டா ஓடுது. அதுக்கே உனக்குத் தோள் வலியா?" என்று அவளிடம் கேட்டதாகவும், அவள் வாயடைத்துப் போனதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறாய். நான் கோயம்புத்தூர் வந்து நாலு நாள் தங்கி, அந்தக் காலத்தில் நான் எப்படிப் பொறுத்துக்கொண்டேன் என்று அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம்.

அதைப் படித்துவிட்டுத்தான் கார்டை வைத்துவிட்டு இத்தனை தாள் எடுத்தேன். நீ கொச்சி மட்டாஞ்சேரியில் மலையாளம் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, இரண்டு நாள் ஆனாலும் ஒரு வரி விடாமல் நீயே வாசி. செல்விக்குத் தமிழ் சரளமாக வரும் என்று அவளிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதே. இது உனக்கு எழுதியது. உன் அம்மா என்ன பட்டாள் என்று உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை எடுத்து ஒரு பெண்ணை அடிக்கிறாய்.

நம் கடையை நீ நினைவு வைத்திருப்பாய், ஆனால் முன்பக்கத்தை மட்டும். பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குக்கும் சுக்குக் கிடங்குக்கும் நடுவே ஒடுங்கிய இடம். விடியும் முன்பே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் வந்து பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். உன் அப்பா சாயா ஆற்றியபடி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்பார். தோப்பும்படியிலிருந்துகூட நம் கடைத் தோசைக்கு ஆள் வரும், உன் அப்பாவின் கைராசி என்பார்கள். அவர் கை ஆற்றியது சாயாவை. மாவை ஆட்டிய கை பின்பக்கத்தில் இருந்தது. நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இறங்கிய மறுவாரம் அந்த ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். உன் அப்பாவின் அக்கா, உன் அத்தை, கணவனை இழந்து நம்மோடு இருந்தவள், எனக்குக் குழவியைக் காட்டிக் கொடுத்துவிட்டு அதோடு எழுந்துபோனாள்.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது வலது தோளில் வலி தொடங்கியது. பெரிய வலி ஒன்றுமில்லை. தோளின் வெளிப்பக்கத்தில், அம்மை குத்திய தழும்புக்குச் சற்று மேலே, உள்ளுக்குள் ஏதோ உறுத்துகிற மாதிரி இருக்கும். மேல்தட்டில் இருக்கும் டின்னை எடுக்கக் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் ஒரு இடத்தில் வந்து சுருக்கென்று பிடிக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தலை பின்னுவதற்குள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். சில வாரம் இருக்கும், தானே போய்விடும், பிறகு வரும். உன் அப்பாவிடம் சொன்னேன். "எல்லாருக்கும் வேதனை இருக்கு. எனக்கு முட்டி வேதனை இல்லையா?" என்றார். உன் அத்தையிடம் சொன்னேன். "நான் உன்னைவிட ரெட்டிப்பு ஆட்டினவ" என்றாள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

அடுத்துச் சொல்லப்போவதை ஒரு தாய் மகனுக்கு எழுதக் கூடாது என்பார்கள். நான் எழுதுகிறேன், நீ கல்யாணமானவன். நம் வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்தால் அது மாதத்தில் அந்த மூன்று நாள்தான். தூரமான பெண் மாவில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்கு மட்டும் என்றால் யாராவது கண்டும் காணாமல் இருந்திருப்பார்கள், இது ஊரார் சாப்பிடும் கடை. உன் அத்தை அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் பின்பக்கச் சாய்ப்பில் பாயைப் போட்டு ஒதுங்கியிருப்பேன், அந்த மூன்று நாளும் அவளே முணுமுணுத்துக்கொண்டு ஆட்டுவாள். காய்ச்சலுக்கு அங்கே ஓய்வில்லை. வாந்திக்கு இல்லை. தோள் வலிக்கு இல்லவே இல்லை. தூரத்துக்கு இருந்தது.

ஒரு முறை வலி கடுமையாக வந்தபோது, இன்னும் நாள் வராமலே, எனக்குத் தூரம் என்று சொல்லிவிட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாய்ப்பில் போய்ப் படுத்தேன், தோளுக்கு அத்தனை சுகமாக இருந்தது. பிறகு நிஜமாகவே வந்தபோது மறுபடியும் ஒதுங்கினேன். அடுத்த மாதமும் அதையே செய்தேன். பொய்தான். வலிக்கிறது என்ற உண்மைக்கு அந்த வீட்டில் விடுப்பு கிடைக்கவில்லை, இந்தப் பொய்க்குக் கிடைத்தது. இதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் இல்லை.

உன் அத்தை லேசுப்பட்டவளா? தனக்கு ஆட்டுகிற வேலை கூடிப்போனதும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள். பின்பக்கக் கொடியில் நான் துவைத்துக் காயப்போடும் துணியைத் தேடினாள். துணி இல்லை என்று கண்டுபிடித்தாள். என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். நேரே கடைக்குப் போய், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அப்பாவின் காதில் ஓதினாள். அவராவது கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "சேட்டா, எங்க வீட்டுல ஒருத்திக்கு மட்டும் மாசத்துல ரெண்டு தடவை விசேஷம்" என்று சொல்லிச் சிரித்தார். சாய்ப்பில் இருந்த எனக்கு அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அவர்கள் சிரித்ததும் கேட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் கள்ளி, பொய்க்காரி. தலைவலி என்றால் கள்ளி, இருமினால் கள்ளி. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, நீயும் ஒரு முறை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "கள்ளி அம்மே, சோறு தா" என்று கேட்டாய். உன் அத்தை உன்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய வலி வந்தது. நான் எதையும் தூக்கவில்லை, எங்கும் விழவில்லை. படுத்து எழுந்தபோது தோள் என்னுடையதாக இல்லை. கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் நுனியை அசைத்தாலும் தோளுக்குள் கத்தி திரும்பியது. வலியில் குமட்டி வாந்தி எடுத்தேன். உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. உன் அப்பா எட்டிப் பார்த்து, "தொடங்கிட்டா" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார். உன் அத்தை எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து அந்தத் தோளை அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வலி ஏறியதே தவிர இறங்கவில்லை. வேண்டாம் அக்கா, விடுங்க அக்கா என்று கெஞ்சினேன். "நடிக்கிறவளுக்குத்தான் தொட்டா நோகும்" என்றாள். அன்று மாவை இடது கையால் ஆட்டினேன். மறுநாளும் ஆட்டினேன்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நம் வீட்டு ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் சாரதா சேச்சி இருந்தாளே, சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கப் போகிறவள், அவள். பொதுக்குழாயில் நான் இடது கையால் குடத்தை இழுப்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டுப் பக்கத்தில் வந்தாள். "எந்து பற்றி மோளே? கை ஒண்ணு பொக்கிக்கே" என்றாள். தூக்கிக் காட்டப் பார்த்தேன். இடுப்பு உயரம் போகவில்லை, கண்ணில் நீர் கொட்டியது. அவள் என் கண்ணையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, "வா, போகாம்" என்று என்னைப் படகில் ஏற்றினாள். எர்ணாகுளம் போய்ச் சேரும்வரை படகு ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் என் முழங்கையை அவள் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்லவேளையாகத் தமிழ் பேசினார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தோள் எலும்பின் உருண்டைக்கு மேலே, எலும்போடு ஒட்டாமல், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளை. "எலும்புல ஒரு குத்தமும் இல்லம்மா. கையத் தூக்குற சதையை எலும்போட சேத்துக் கட்டியிருக்க நாண் ஒண்ணு உண்டு. அதுக்குள்ள கால்சியம் சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு கெடக்கு" என்றார். மாவாட்டியதால் வந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன், அதை உன் அப்பாவின் முகத்தில் எறிய எனக்கு ஆசையாக இருந்தது. "சொல்ல முடியாதும்மா. ஆட்டுறவங்களுக்கும் வருது, சும்மா இருக்கவங்களுக்கும் வருது. நடுவயசுல வருது, பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வருது. ஏன் வருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போடுவதாலா என்றும் கேட்டேன். சிரித்தார். திங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

பிறகு அவர் சொன்னதை நன்றாக வாசி, உன் மனைவிக்காகத்தான் எழுதுகிறேன். அந்தச் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடக்கும்வரை பெரிதாக வலிக்காதாம். சிலருக்கு வலியே இருக்காதாம். ஒருநாள் உடம்பு தானாகவே அதைக் கரைக்கத் தொடங்கும். அப்போது அது பற்பசை மாதிரி இளகி, சுற்றிலும் வீங்கி, உள்ளே இடம் போதாமல் நெருக்கும். உயிர் போகிற வலி வருவது அந்த நேரத்தில்தான். "கரையுறதுக்காக வர்ற வலிம்மா இது. பிள்ள பெத்த வலியே தேவலன்னு எங்கிட்ட சொன்னவங்க இருக்காங்க. எப்படித் தாங்குனீங்க?" என்றார். நான் அழுதுவிட்டேன். டாக்டர் எடுத்து வைத்த ஊசிக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து சாரதா சேச்சி முதுகைத் தடவினாள். எனக்கு ஊசி பயமில்லை. இத்தனை காலத்தில் முதல் முறையாக ஒரு ஆள் என் வலியை வலி என்று சொன்னார்.

மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, பெரிய ஊசியை அந்த இடத்தில் இறக்கி, மருந்து நீரை உள்ளே செலுத்தி இழுத்தார். ஊசிக்குள் கலங்கலாக, வெள்ளையாக வந்தது. எல்லாம் வராது, மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்றார். திரும்பும் படகில் என்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார முடிந்தது. அவர் சொல்லி அனுப்பியது இதுதான். இரண்டு மூன்று நாள் மட்டும் கைக்கு ஓய்வு. எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. வலி அடங்கியதும் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும், பிறகு சுவரில் விரல்களை நடத்தி நடத்திக் கையை மேலே ஏற்ற வேண்டும். அதைப் பழக்கிவிட வாரம் ஒரு முறை வர வேண்டும். "பயந்துக்கிட்டு ரொம்ப நாள் கட்டி வச்சிராதீங்க. தோள் இறுகிப் போச்சுன்னா பொறவு கஷ்டம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அப்பா, "படகுச் சவாரி முடிஞ்சுதா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உன் அத்தை அதிலிருந்து சுண்ணாம்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். என் வெற்றிலைச் செல்லம் அன்றைக்கே குப்பைக்குப் போனது. பால் இல்லை, முட்டை இல்லை, முள்ளோடு தின்கிற நெத்திலி இல்லை. சுண்ணாம்பு ஏறுமாம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்றால், "கள்ளி சொல்றதை எவ நம்புவா" என்றாள். வாரம் ஒரு முறை எர்ணாகுளம் போக வேண்டும் என்றதும் உன் அப்பா வெடித்தார். "வாரா வாரம் படகு ஏறி ஊர் சுத்த இது நல்ல சாக்கு." தோப்பும்படியிலிருந்து, எண்ணெய் தேய்த்து உடம்பை உருவிவிடுகிற திருமல் ஆசான் ஒருவரைக் கூட்டிவந்தார். அது கர்க்கடக மாதம், நம் ஊர் ஆடி. எண்ணெய்ச் சிகிச்சைக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது என்றார்கள். ஆசான் உழிந்து, துணி சுற்றி, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மாதம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். அதற்கு உன் அப்பா மறு பேச்சு பேசவில்லை. மாவாட்ட ஒரு பெண்ணைக்கூட வைத்தார். வலிக்கிறது என்று நான் கேட்டபோது கிடைக்காத ஓய்வு, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொன்னபோது கிடைத்தது.

கட்டை அவிழ்த்தபோது வலி இல்லை. கையும் இல்லை. மார்புக்கு மேல் அது ஏற மறுத்தது. யாராவது பிடித்துத் தூக்கினாலும் தோள்பட்டையோடு சேர்ந்து எழும்பியதே தவிர, தனியாக வரவில்லை. மாவாட்டிய பெண்ணை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். சாரதா சேச்சிதான் திரும்பவும் என்னைப் படகில் ஏற்றினாள். புதிதாகப் படம் எடுத்தார்கள். வெள்ளை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, உடம்பு அதைக் கரைத்து முடித்திருந்தது. டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "சுண்ணாம்பு போயிட்டு. ஆனா தோளை இறுக்கி வச்சிட்டீங்களே. ஏன்மா வரல?" என்றார். இனி முழுசாக வருமா என்று தெரியாது, விடாமல் செய்தால் ஓரளவு வரும் என்றார்.

அந்தப் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் முட்டாள்தனம். உன் அப்பா அதை வாங்கி, கடையில் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "நோக்கிக்கோ சேட்டா. ஒண்ணுமில்ல. வெறும் எலும்பு. இதுக்குத்தான் இத்தனை ஆட்டம்." படத்தில் ஒன்றும் இல்லை என்றால் வலி தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல நான் முன்பக்கம் போகவில்லை, போனாலும் கேட்கிற காது அங்கே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நீ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய், நீயும் சிரித்தாய். அப்பா சிரித்தால் சிரிக்கிற வயசு, அதற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. மீசை முளைத்து, கல்யாணமாகி, சொந்தமாகக் கடை வைத்த பிறகும் சிரிக்கிறாயே, அதற்குத்தான் கோபம்.

அதன் பிறகு ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் இருந்த சுவரில் தினமும் விரலை நடத்தினேன். கரியால் கோடு போட்டு வைத்தால் உன் அத்தை அழிப்பாள், அதனால் சுவரில் இருந்த விரிசல்களை அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிக் கை காதளவு வந்தது. அதோடு நின்றது. அன்றிலிருந்து குழவி என் இடது கையில்தான். நீ சாப்பிட்ட இட்லியெல்லாம் இடது கை ஆட்டியது. உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வரும் நேரம் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாக இருப்பேன். பிள்ளை பயப்படக் கூடாது என்று நினைத்தேன். அதன் பலன், அம்மா இரும்பு என்று நம்பிக்கொண்டு வளர்ந்திருக்கிறாய்.

உன் கல்யாணத்தன்று நான் இடது கையால் அட்சதை போட்டேன். உன் அத்தை அத்தனை பேர் முன்னால், "பெத்தவளே இடது கையால போட்டா புள்ளை விளங்குமா?" என்றாள். வலது கைக்கு மாற்றி எறிந்தேன். அரிசி உங்கள் தலைக்கு வரவில்லை, என் காலடியிலேயே கொட்டியது. நீ தலை குனிந்து தாலி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். செல்வி பார்த்தாள். மணமேடையில் உட்கார்ந்திருந்த பெண், யாரென்றே தெரியாத மாமியாரின் கையைப் பார்த்தாள். மறுநாள் காலை நான் தலையோடு போராடிக்கொண்டிருந்தபோது வந்து, "ஏனுங்க அத்தை, தோள் வலிங்களா? குடுங்க, நான் பின்னிடறேன்" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள். அப்போது எனக்கு வலி வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது, அந்த வீட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் நீ நடிப்புக்காரி என்று எழுதுகிறாய்.

உன் அப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், போனவர்களைப் பேசி என்ன என்று நீ கேட்பாய். அவர்கள் போகவில்லை. உன் கடிதத்தில் இரண்டு பேருமே உட்கார்ந்திருக்கிறார்கள். நீ எழுதியிருக்கும் காரணங்களைப் பார். பகலில் சிரிக்கிறாளாம். வலிக்கிறவள் சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னது? மிஷின் ஆட்டுகிறதாம். ஆட்டிய மாவை வழித்து எடுப்பது யார்? அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவி மாட்டுவது யார்? அதுவும் போகட்டும், வேலையே செய்யாதவளுக்கும் இது வரும் என்று டாக்டர் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன், திரும்ப வாசி. அவளுக்கு என் தோளில் வந்ததேதான் வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேறு எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர், நீயில்லை, நானும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடு. படத்தில் வெள்ளை தெரிந்தால் பயப்படாதே, தெரியாவிட்டால் அவளைக் கள்ளி என்று சொல்லாதே. ஊசி போடச் சொன்னால் போடட்டும். கண்டவர்கள் வந்து தேய்க்க விடாதே, கையைக் கட்டிப் போடவும் விடாதே. பிறகு கையை ஆட்டிப் பழக்கச் சொல்வார்கள், அது வலிக்கும், ஒரே நாளில் வராது, சலிப்பாக இருக்கும். அப்போது அவள் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். சுவருக்கு முன்னால் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் பொறுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் இனி உன் வாயால் சொல்லாதே. நான் ஒன்றும் பொறுத்துக்கொள்ளவில்லை. கத்தினேன், அழுதேன், பொய் சொன்னேன், கெஞ்சினேன். என்னைக் கூட்டிப்போக என் வீட்டில் ஆள் இல்லை. இதற்குப் பேர் பொறுமை என்றால் அந்தப் பெருமை எனக்கு வேண்டாம், அதை என் மருமகள் தலையில் கட்ட உனக்கு உரிமையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். புத்தி சொல்ல வரவில்லை, உன் அடுப்படிக்கும் வரவில்லை. வந்ததும் குளித்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போகிறேன். அன்று கடையை அடைத்துவிட்டு நீயும் கூட வருகிறாய். அவர் முதலில் அவளிடம், எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்பார். அவள் உண்மையைச் சொல்வாள். அடுத்ததாக உன் பக்கம் திரும்பி, இவ்வளவு நாள் ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்பார். உன் அப்பாவிடம் இதை யாரும் கேட்டதில்லை, அவர் டாக்டர் அறைக்குள் கால் வைத்ததே இல்லை. நீ உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார். டாக்டர் கேட்கும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ பதில் சொல்.